வீட்டுச் செலவும் வீட்டுச் சாமானும்: குடும்பத்தோடு உட்கார்ந்து படிக்க ஒரு பாடம்



லயத்துக்கு லயம் போகும்போது நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று இருக்கிறது. "சேர், சம்பளம் எப்ப வந்துச்சு, எப்ப போச்சுன்னே தெரியலீங்க" என்பார்கள். பத்தாம் தேதி சம்பளம். இருபதாம் தேதிக்குள் கடைக் கொப்பியில் மறுபடியும் பெயர் ஏறிவிடும். அதே வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் கட்டிலுக்கடியில் உடைந்த விசிறி, பரண் மேல் பழைய ரி.வி. பெட்டி, மூலையில் மூட்டை மூட்டையாகத் துணி. கையில் காசில்லை, காம்பராவில் இடமுமில்லை. இந்த இரண்டும் வேறு வேறு கஷ்டம் போலத் தெரியும். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். யோசிக்காமல் வாங்கியதுதான் காசாகப் போகிறது, சாமானாக வந்து சேர்கிறது.

இந்த இதழில் இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம். படிக்கத் தெரிந்த பிள்ளை சத்தமாக வாசிக்கட்டும். மற்றவர்கள் கேளுங்கள். ஒரு கொப்பியும் பேனையும் பக்கத்தில் இருக்கட்டும்.

முதலில் ஒரு விசயம்

"செலவைக் குறை" என்று சொன்னதும் சிலருக்குக் கோபம் வரும். நியாயமான கோபம்தான். தோட்டத்தில் வாங்குகிற சம்பளத்துக்கு ஆடம்பரம் எங்கே இருக்கிறது? 2021 மார்ச் மாதத்தில் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது. அடுத்த வருடமே விலைவாசி அதை விழுங்கிவிட்டது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம் வரை போனது. உணவுச் சாமானின் விலை அதையும் தாண்டி ஏறியது. கோதுமை மாவை நம்பி இருக்கும் வீடுகள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். சம்பளம் போதாது என்பது ஒரு கதை. அதைப் பேச தொழிற்சங்கம் இருக்கிறது, பேச வேண்டிய மேசை இருக்கிறது. பிஸ்கட்டை நிறுத்தினால் வறுமை போய்விடும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் வருகிற காசு கொஞ்சம் என்றால், அது ஒழுகிப் போகாமல் பார்ப்பது இன்னும் அவசியம். பெரிய தொட்டியில் ஒரு ஓட்டை இருந்தால் உடனே தெரியாது. சின்ன வாளியில் ஓட்டை இருந்தால் வீட்டுக்கு வருவதற்குள் தண்ணி தீர்ந்துவிடும்.

குறைக்கக்கூடாத செலவு

முதலில் கை வைக்கக்கூடாததை எழுதிக்கொள்வோம். பல வீட்டில் கஷ்டம் வந்ததும் முதலில் குறைப்பது அம்மாவின் சாப்பாட்டைத்தான். அது பெரிய பிழை.

கர்ப்பிணித் தாய், பால் கொடுக்கும் தாய், சின்னப் பிள்ளை ஆகியோரின் சாப்பாடு. பருப்பு, முட்டை, நெத்தலிக் கருவாடு, கீரை. இதில் குறைக்கக்கூடாது. கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷ தாய்க்கும் பிள்ளைக்கும் உரியது. அதை வீட்டில் எல்லோருக்கும் பங்கு போடக்கூடாது.

நீரிழிவு, இரத்த அழுத்தம், இழுப்பு உள்ளவர்களின் மருந்து. "இந்த மாசம் கிளினிக் போகாம விட்டா பஸ் காசு மிச்சம்" என்று நினைத்தால், பிறகு ஆஸ்பத்திரி வார்டில் படுத்து அதைப்போலப் பத்து மடங்கு இழக்க வேண்டி வரும்.

பிள்ளையின் படிப்பு. பாடப் புத்தகம் 1980 முதலும் சீருடைத் துணி 1993 முதலும் அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது. ஆனால் கொப்பி, பஸ் காசு போன்றவை நம் கையில்தான் இருக்கிறது.

சோப்பு, பற்பசை, பெண்பிள்ளைகளின் மாதச் சுகாதாரத் தேவை. இவையும் அவசியச் செலவுதான்.

இந்த நான்கையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே உள்ளதில் கை வைக்கக்கூடாது. மற்றதைப் பற்றித்தான் இனிப் பேசப் போகிறோம்.

காசு எங்கே போகிறது?

ஒரு மாதிரிக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இது எந்த வீட்டையும் குறிக்கவில்லை. பல வீட்டில் பார்த்ததைச் சேர்த்துக் கணக்குப் பழகுவதற்காக எழுதியது.

அப்பா, அம்மா இரண்டு பேரும் மலைக்குப் போகிறார்கள். வீட்டில் பாட்டி இருக்கிறார். மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதியிருக்கிறாள். மகன் ஏழாம் வகுப்பு. மகளுக்கு உயர்தரம் படிக்க ஆசை. ஆனால் டவுனுக்குப் போய்வர பஸ் காசு, டியூசன், கொப்பி என்று மாசம் ஒரு தொகை வேண்டும். "நம்மால முடியாது புள்ள. கொழும்புல துணிக்கடையில ஆள் கேக்குறாங்களாம்" என்கிறார் அப்பா. மகள் பேசாமல் இருக்கிறாள். அம்மாவுக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இந்தக் குடும்பம் ஒரு மாதம் முழுக்கச் செலவை எழுதிப் பார்த்தது என்று வைத்துக்கொள்வோம். கோட்டுக்குக் கீழே வந்தவை இவை:

வெற்றிலை, பாக்கு, புகையிலை: நாளுக்கு 100 ரூபாய். மாதம் 3000.
பிஸ்கட், மிக்சர், சோடா: நாளுக்கு 80 ரூபாய். மாதம் 2400.
மூன்று போனுக்கு ரீலோட்: மாதம் 2000.
சனிக்கிழமைச் சாராயம்: ஒரு தடவைக்கு 1500. நான்கு வாரத்துக்கு 6000.
டவுனுக்குத் திரீவீல்: ஒரு தடவைக்கு 400. ஐந்து தடவைக்கு 2000.
ரி.வி. தவணை: மாதம் 3400.

கூட்டினால் 18,800 ரூபாய்.

இதில் ஒன்றும் பெரிய ஆடம்பரம் இல்லை. ஒவ்வொன்றும் சின்னச் செலவு. 80 ரூபாய், 100 ரூபாய் கொடுக்கும்போது யாருக்கும் வலிக்காது. மாதக் கடைசியில் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் வலிக்கும். அதனால்தான் எழுத வேண்டும் என்கிறோம். மனசுக் கணக்கு எப்போதும் குறைவாகவே காட்டும்.

இன்னொரு விசயம். சம்பளச் சீட்டையும் கொப்பியோடு வைத்து வாசிக்கப் பழகுங்கள். எத்தனை பேர், எத்தனை அரைப்பேர், எத்தனை கிலோ மேலதிகக் கொழுந்து, ஊழியர் சேமலாப நிதிக்கு எவ்வளவு, சங்கச் சந்தா எவ்வளவு, பண்டிகை முற்பணத்துக்கு எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று பிள்ளை வாசித்துச் சொல்லட்டும். கையில் உண்மையில் எவ்வளவு வருகிறது என்று தெரியாமல் செலவைத் திட்டம் போட முடியாது.

ஆளுக்கு ஒன்று, அவரவர் சொல்ல வேண்டும்

இங்கேதான் பல வீட்டில் சண்டை வருகிறது. அம்மா, "நீங்க சாராயத்த விட்டா எல்லாம் சரியாயிரும்" என்பார். அப்பா, "ஒங்கம்மா வெத்தல போடுறத மொதல்ல நிப்பாட்டு" என்பார். பாட்டி அழுவார். கொப்பி மூலைக்குப் போய்விடும்.

ஆகவே ஒரு சட்டம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் எதை விட வேண்டும் என்று யாரும் சொல்லக்கூடாது. தான் எதைக் குறைக்கப் போகிறேன் என்று அவரவர்தான் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒன்று போதும். பெரியவர்களில் மூத்தவர் முதலில் சொன்னால் நல்லது. மற்றவர்களுக்கும் வாய் வரும்.

நம் மாதிரிக் குடும்பத்தில் பாட்டிதான் தொடங்கினார். "நான் பொகயில போடுறத விட்டுர்றேன். வெத்தல பாதியா கொறச்சிக்கிறேன்." இதில் மாதம் 1500 மிச்சம். காசு மட்டுமல்ல. புகையிலை போட்டு வெற்றிலை மெல்வது வாய்ப் புற்றுநோய்க்குப் பெரிய காரணம். பாக்கும் அதே தீங்கு செய்யும்.

மகன் சோடாவை விடுவதாகச் சொன்னான். பிஸ்கட்டுக்குப் பதிலாக அவித்த கடலை, மரவள்ளிக் கிழங்கு, ரொட்டி. மிச்சம் 1600.

மகள் தன் போனுக்கு நாளாந்த டேட்டா போடுவதை விட்டாள். நாளுக்கு நாள் சின்னச் சின்னதாகப் போடுகிற ரீலோட்தான் கூடச் செலவாகும். வீட்டுக்கு ஒரு போனில் மாதத்துக்கு ஒரு பெக்கேஜ் போட்டு எல்லோரும் பாவித்தால் மிச்சம் 1000.

அம்மா திரீவீலுக்குப் பதில் நான்கு தடவை பஸ்ஸில் போவதாகச் சொன்னார். பஸ் காசு போக மிச்சம் 1200.

அப்பா கடைசியில்தான் பேசினார். "மாசத்துல ஒரு சனிக்கெழம மட்டும்." மிச்சம் 4500.

மொத்தம் 9800 ரூபாய். முதல் மாதமே இவ்வளவும் வராது. பழக்கம் ஒரு நாளில் போகிற காரியமில்லை. கல்யாணம் வரும், சாவு வரும், விருந்தாளி வருவார். பாதி வந்தாலும் 4900. வருடத்துக்கு 58,800. உயர்தரம் படிக்கும் பிள்ளையின் பஸ்ஸுக்கும் கொப்பிக்கும் அது பெரிய உதவி. இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸில் மாணவருக்குச் சலுகை விலையில் சீசன் டிக்கட் உண்டு. அதையும் எடுத்துக்கொண்டால் இன்னும் மிச்சம்.

துணிக்கடை வேலை கேவலமான வேலை என்று சொல்லவில்லை. உழைத்துச் சாப்பிடுகிற எல்லா வேலையும் நல்ல வேலைதான். ஆனால் படிக்க விரும்புகிற பிள்ளையை, கணக்குப் போட்டுப் பார்க்காமலே "முடியாது" என்று அனுப்பிவிடக்கூடாது. கொப்பியை விரித்துக் கூட்டிப் பார்த்த பிறகுதான் "முடியாது" என்று சொல்லலாம்.

குடியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. சிலருக்கு அது பழக்கத்தைத் தாண்டி நோயாகி இருக்கும். கை நடுங்கும், காலையிலேயே வேண்டும். அப்படிப்பட்டவர் வீட்டில் ஒரே நாளில் நிறுத்தினால் உடம்புக்கு ஆபத்து வரலாம். வைத்தியரிடம் கூட்டிப்போய், அவர் சொல்கிறபடிதான் நிறுத்த வேண்டும். திட்டினால் தீராது.

தவணையும் வட்டியும்

ரி.வி. தவணையை ஏன் குறைக்கவில்லை என்று கேட்பீர்கள். வாங்கியாகிவிட்டது, கட்டித்தான் ஆக வேண்டும். இடையில் விட்டால் சாமானும் போகும், கட்டிய காசும் போகும். ஆனால் அடுத்த சாமான் வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

கைக்காசுக்கு 60,000 ரூபாய் விலையுள்ள ரி.வி. தவணைக்கு எடுத்தால் முதலில் 10,000 கட்ட வேண்டும். பிறகு மாதம் 3400 வீதம் 24 மாதம். 3400ஐ 24ஆல் பெருக்கினால் 81,600. முதலில் கட்டிய 10,000ஐச் சேர்த்தால் 91,600. அதாவது 31,600 ரூபாய் கூடக் கட்டுகிறோம். அதே 3400ஐ மாதாமாதம் சேர்த்திருந்தால் 18 மாதத்தில் 61,200 வந்திருக்கும். பொறுத்திருந்து வாங்கினால் அரை ரி.வி.யின் விலை மிச்சம்.

கடைக்காரர் "மாசம் எவ்வளவு" என்றுதான் சொல்வார். நாம் "மொத்தம் எவ்வளவு" என்று கேட்க வேண்டும். அதைத் துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

சம்பள நாளில் லயத்து வாசலுக்கே புடவை, பாத்திரம், பெட்சீட் கொண்டுவந்து தவணைக்குக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். "இப்ப காசு வேணாம் அக்கா, அடுத்த சம்பளத்துல குடுங்க" என்பார்கள். அடுத்த சம்பளம் வருவதற்கு முன்பே அதில் ஒரு பங்கு போய்விட்டது என்றுதான் அதற்கு அர்த்தம்.

நூற்றுக்குப் பத்து வட்டிக்குக் கடன் வாங்குவது அதைவிட மோசம். 10,000 ரூபாய் வாங்கினால் மாதம் 1000 வட்டி. ஒரு வருடத்தில் 12,000 கட்டிவிட்டோம். ஆனால் வாங்கிய 10,000 அப்படியே நிற்கிறது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கினால் கதை முடியாது. கையில் கொஞ்சம் மிச்சம் வந்தால், சேமிப்பில் போடுவதற்கு முன்பு கூடிய வட்டிக் கடனை அடையுங்கள். அதுதான் முதல் சேமிப்பு.

வாங்குவதற்கு முன் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளலாம். சாப்பாடு, மருந்து, படிப்பு தவிர எதை வாங்க ஆசைப்பட்டாலும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி, ஒரு சம்பளம் தாண்டும்வரை பொறுங்கள். அடுத்த சம்பளத்திலும் அது வேண்டும் என்று தோன்றினால் வாங்கலாம். எழுதியதில் பாதி மறந்தே போயிருக்கும்.

காம்பராவுக்குள் சேர்ந்திருக்கும் சாமான்

இனி வீட்டுக்குள் பார்ப்போம். பழைய லயத்தில் ஒரு காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி, அவ்வளவுதான். அதற்குள் ஐந்து ஆறு பேர். அதில் ஒரு மூலையை உடைந்த சாமான் பிடித்துக்கொண்டால், நாம் வாடகை இல்லாமல் குப்பையைக் குடிவைத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

"இருக்கட்டும், என்னைக்காவது தேவப்படும்" என்று வைப்பது நம் பழக்கம். இல்லாதவர் வீட்டில் அது இயற்கையானது. எறிந்தால் மறுபடி வாங்க முடியாது என்ற பயம். அந்தப் பயத்தைக் கேலி செய்யக்கூடாது. ஆனால் அந்தச் சாமான் நம்மிடம் என்ன கேட்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

எலி. துணி மூட்டையும் பழைய பெட்டியும் எலிக்கு நல்ல வீடு. எலி மூத்திரம் கலந்த தண்ணியும் சேறும் காலிலுள்ள காயத்தில் பட்டால் எலிக்காய்ச்சல் வரும். மலைக்குப் போகிறவர்கள் காலில் அட்டைக் கடியும் கீறலும் இல்லாத நாள் உண்டா?

நுளம்பு. வெளியே போட்ட டயர், உடைந்த வாளி, சிரட்டை, யோகட் கோப்பை ஆகியவற்றில் மழைத் தண்ணி நின்றால் டெங்கு நுளம்பு முட்டையிடும். முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். முட்டை காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். உயரமான குளிர்த் தோட்டங்களில் இது குறைவு. கீழ்த் தோட்டங்களில் கவனம் தேவை. அதனால்தான் வாரம் ஒரு தடவை சுற்றிப் பார்க்கச் சொல்கிறோம்.

நெருப்பு. லயத்தில் தீப்பிடித்த செய்தி அடிக்கடி பத்திரிகையில் வருகிறது. ஒரே கூரை என்பதால் ஒரு காம்பராவில் பிடித்தால் முழு லயத்துக்கும் போகிறது. அடுப்புக்கு மேலே பரணில் கடதாசி, துணி, பிளாஸ்டிக் வைப்பது ஆபத்து. ஒரே பிளக்கில் நாலைந்து வயரைச் சொருகுவதும் அப்படித்தான்.

பிள்ளையின் மேசை. இதை நாங்கள் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வோம். ஒரு சின்ன மேசை, ஒரு கதிரை, மேலே ஒரு பல்ப். இதற்கு மூன்றடி இடம் போதும். அந்த மூன்றடியில் இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

மூன்று குவியல்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்குங்கள். முழு வீட்டையும் ஒரே நாளில் கலைக்க வேண்டாம். கட்டிலுக்கடி ஒரு வாரம், பரண் ஒரு வாரம், இஸ்தோப்பு ஒரு வாரம், வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு வாரம். எல்லாவற்றையும் வெளியே எடுத்து மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

முதல் குவியல், வைத்துக்கொள்ள. இந்த ஒரு வருடத்தில் பாவித்தது. மழைக்கால கம்பளி, படங்கு, கொழுந்துச் சாக்கு, மேல்மிச்சமாக ஒரு பாய்.

இரண்டாம் குவியல், கொடுக்க அல்லது விற்க. பிள்ளைக்குச் சின்னதாகிப்போன சீருடை, சப்பாத்து, சுவெட்டர் எல்லாவற்றையும் தோய்த்துக் காயவைத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ பிள்ளை மடுவத்துக்கோ கொடுக்கலாம். கிழிந்ததையும் அழுக்கையும் கொடுக்கக்கூடாது. வாங்குகிறவருக்கும் மரியாதை உண்டு. இரும்பு, அலுமினியம், போத்தல், பழைய பத்திரிகை இவற்றைப் பழைய சாமான் வாங்குகிறவரிடம் நிறுத்துக் கொடுங்கள். நிறுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

மூன்றாம் குவியல், எறிய. இதைக் கானில் போடக்கூடாது. கான் அடைத்தால் மழைக்கு லயத்துக்குள்தான் தண்ணி வரும். பிளாஸ்டிக்கை எரிக்கவும் கூடாது. அந்தப் புகை பிள்ளைகளுக்கும் இழுப்புக்காரருக்கும் கேடு. தோட்டத்தில் குப்பைக்கென்று ஒதுக்கிய இடத்தில் போடுங்கள்.

ஒருவர் சாமானை இன்னொருவர் கேட்காமல் எறியக்கூடாது. பாட்டியின் பழைய டிரங்குப் பெட்டி நமக்குத் துருப்பிடித்த தகரம். அவருக்கு அது அவருடைய அம்மா கொடுத்தது. அது இருக்கட்டும். அதற்கு ஒரு நல்ல வேலையும் இருக்கிறது.

பத்திரப் பெட்டி

சாமானைக் கலைக்கும்போது கடதாசி எதையும் வாசிக்காமல் எறியாதீர்கள். நம் மக்களுக்குக் கடதாசியின் அருமை தெரியும். பிரஜாவுரிமைக்காக எத்தனை வருடம் அலைந்தார்கள்! 2003ல் சட்டம் வந்த பிறகுதான் மிச்சமிருந்தவர்களுக்கும் அது கிடைத்தது. ஆனாலும் பல வீட்டில் பிறப்புச் சான்றிதழ் அரிசி மூட்டைக்கடியில் கிடக்கிறது, இல்லாவிட்டால் கரையான் தின்றிருக்கிறது.

பாட்டியின் டிரங்குப் பெட்டியைத் துடைத்து இவற்றை வையுங்கள்: எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், இறந்தவர்களின் மரணச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, பிள்ளையின் வளர்ச்சி அட்டை, பரீட்சைப் பெறுபேறு, வங்கிப் புத்தகம், அடகுச் சீட்டு, தவணைத் துண்டு, சம்பளச் சீட்டு, சேமலாப நிதிக் கடதாசி. எல்லாவற்றையும் பொலித்தீன் உறையில் போட்டு, அடுப்பிலிருந்து தூரமாக, தீ என்றால் ஓடும்போது கையில் தூக்கக்கூடிய இடத்தில் வையுங்கள்.

வைக்கும்போது ஒரு வேலை செய்யுங்கள். செக்ரோலில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் 8 சதவீதமும் நிர்வாகம் 12 சதவீதமும் போடுகிறார்கள். பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் எடுக்கலாம். ஆனால் ஒரு எழுத்து வித்தியாசத்தால் காசு கைக்கு வராமல் மாதக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு. வேலையில் இருக்கும்போதே திருத்துவது சுலபம். பிழை கண்டால் தோட்ட ஆபீசிலோ எங்களிடமோ சொல்லுங்கள்.

மின்சாரத்தில் மிச்சம்

பழைய 60 வாட் குண்டு பல்ப் ஒன்றை நாளுக்கு ஐந்து மணித்தியாலம் போட்டால் மாதம் 9 யூனிட். அதே வெளிச்சத்துக்கு 9 வாட் எல்.ஈ.டி. பல்ப் போட்டால் ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு. இரண்டு பல்ப்பை மாற்றினால் மாதம் 15 யூனிட் மிச்சம். மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது தெரியும்தானே. 30, 60, 90 என்று படி தாண்டும்போது யூனிட் விலையும் நிலையான கட்டணமும் கூடும். ஒரு படி கீழே இறங்கினால் பில்லில் நல்ல வித்தியாசம் தெரியும். சீருடையை நாளுக்கு ஒன்றாக அயன் பண்ணாமல் ஞாயிறு ஒரே தடவையில் வாரத்துக்கும் அயன் பண்ணுங்கள். அயன் ஒவ்வொரு தடவை சூடேறவும் மின்சாரம் போகிறது.

மிச்சக் காசை எங்கே வைப்பது?

மிச்சம் பிடித்த காசு அலுமாரிக்குள் இருந்தால் நிற்காது. யாராவது கேட்பார்கள், இல்லையென்று சொல்ல வாய் வராது. தேசிய சேமிப்பு வங்கியில் கணக்கு வையுங்கள். தபாலகத்திலும் அந்தக் கணக்கைத் திறக்கலாம். அங்கே போடும் காசுக்கு அரசாங்கத்தின் உத்தரவாதம் உண்டு. லயத்துக்குள் சீட்டுப் பிடிப்பவர்கள் நம்பிக்கையானவர்களிடம், கொப்பியில் கையெழுத்தோடு, சின்னத் தொகைக்கு மட்டும் பிடியுங்கள்.

சம்பளம் வந்த அன்றே ஒதுக்க வேண்டும். மாதக் கடைசியில் மிஞ்சினால் போடலாம் என்றால் ஒருநாளும் மிஞ்சாது. கொழுந்து கூடும் மாதங்களில் கொஞ்சம் கூடுதலாகப் போடுங்கள். ஹற்றன், தலவாக்கலைப் பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து பெருகும். ஜனவரி முதல் மார்ச் வரை வெயிலும் பனியும் சேர்ந்து குறைத்துவிடும். பெருகும் மாதத்து மிச்சம் குறையும் மாதத்துக் கடனைத் தடுக்கும்.

தீபாவளிக்கும் இதுவே வழி. பண்டிகை முற்பணம் இனாம் இல்லை. பிறகு சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கப்படும் நம் காசுதான். மாதம் 1000 வீதம் பத்து மாதம் சேர்த்தால் 10,000. பிள்ளைகளுக்குத் துணியும் பலகாரமும் கடனில்லாமல் முடியும். சடங்கு, கல்யாணம் என்றால் பக்கத்து வீட்டார் எவ்வளவு செய்தார்கள் என்று பார்க்காமல், நம் கொப்பி எவ்வளவு தாங்கும் என்று பாருங்கள்.

இந்த மாதப் பயிற்சி

1. கொப்பியின் முதல் பக்கத்தில் குறைக்கக்கூடாத செலவை எழுதிக் கோடு போடுங்கள்.
2. இந்தச் சம்பளம் முதல் அடுத்த சம்பளம் வரை கோட்டுக்குக் கீழே வரும் ஒவ்வொரு செலவையும் எழுதுங்கள். முதல் மாதம் எதையும் நிறுத்த வேண்டாம். எழுதினால் மட்டும் போதும்.
3. மாதக் கடைசியில் எல்லோரும் உட்கார்ந்து கூட்டுங்கள். ஆளுக்கு ஒன்று, அவரவர் வாயால் சொல்லட்டும்.
4. நான்கு ஞாயிறு, நான்கு இடம், மூன்று குவியல்.
5. பத்திரப் பெட்டியை வைத்து, பெயர்களைச் சரிபாருங்கள்.
6. காலியான மூலையில் பிள்ளைக்கு மேசை போடுங்கள்.

கூட்டத் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். பிள்ளைகளிடம் கொடுங்கள், அவர்கள் கூட்டித் தருவார்கள். வீட்டுக் கணக்கு பிள்ளைக்கும் தெரிந்தால், கடையில் நின்று "அது வாங்கித் தா" என்று அழுவதும் குறையும். கொப்பியோடு எங்களிடம் வர விரும்புகிறவர்கள் பிரட்டுக்களத்திலோ பிள்ளை மடுவத்திலோ சொல்லிவைத்தால், நாங்களே வீட்டுக்கு வந்து கூட இருந்து பார்க்கிறோம். உங்கள் கொப்பியில் உள்ளதை வேறு யாரிடமும் சொல்ல மாட்டோம்.